பன்றி எந்தப் பக்கம் குத்தியது?

போன மாதம் திவ்யா என் போனுக்கு ஒரு ரீல் அனுப்பினாள். கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடம் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் திவ்யா. ரீலில் ஓர் இளைஞன் நிற்கிறான். கறுப்புக் கண்ணாடி, தோளில் துப்பாக்கி, காலடியில் செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றி. பின்னணியில் மேளம் காதைப் பிளக்கிறது. எந்த ஊர்க்காரனோ தெரியவில்லை. கீழே பாதிப் பேர் ‘சிங்கம்டா’ என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் ‘பாவி’ என்று திட்டியிருந்தார்கள்.

“அக்கா, நீங்க இந்த மாதிரி வேட்டைக்காரங்கள நெறையப் பாத்திருப்பீங்கல்ல? நேர்ல எப்படியிருப்பாங்க?” என்று கேட்டிருந்தாள்.

நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவரைக்கூட இப்படி நிமிர்ந்து நிற்கும்போது பார்த்ததில்லை. என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் குப்புறப் படுத்திருந்தார்கள்.

மரவள்ளியையும் சாமையையும் பன்றி கிளறிப் போடுவதால் அதைச் சுடலாமா, யார் சுடுவது, எங்கே வைத்துச் சுடுவது என்று இப்போது டிவியில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். ஒருவர் வேட்டை நம் வீரம் என்கிறார், இன்னொருவர் கொடூரம் என்கிறார். டிரெஸ்ஸிங் ரூமில் கையுறை போட்டுக்கொண்டு நின்ற நர்சை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கூப்பிடாவிட்டால் போகிறது, நானே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கம். மலையை நிமிர்ந்து பார்த்தபடியே வளர்ந்தவள். சேலத்தில் நர்சிங் படித்தேன். அந்தப் படிப்பில் விடுதிச் சாம்பாரைத் தவிர மற்ற எல்லாமே பின்னால் உதவியது. வேலை மலை மேல் கிடைத்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், பக்கத்திலேயே இருக்கிறாளே என்று. பக்கம்தான், நடுவில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வேலையில் சேரப்போன அன்று பஸ்ஸில் முப்பத்தெட்டாவது வளைவில் காலைச் சாப்பாடு முழுவதையும் ஜன்னலுக்கு வெளியே கொடுத்துவிட்டேன். வெளிறிப்போன முகத்தோடு சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தவளைப் பார்த்து அங்கிருந்த டாக்டரம்மா, “நோயாளிங்க வரிசை அந்தப் பக்கம்” என்றார்.

அவர்தான் டாக்டர் மரகதம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை மேஜையாகத் தேடுவார். டீயை ஆறவிட்டுப் பச்சைத் தண்ணீராக்கித்தான் குடிப்பார். ஆனால் காயம் என்று வந்துவிட்டால் அவரைப்போல ஒரு கறாரான ஆளைப் பார்க்க முடியாது. மேஜை டிராயரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று இருக்கும். அதை ஸ்பிரிட்டில் துடைத்து, காயத்தின் நீளம், அகலம், ஆழம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குக் கிழிந்திருக்கிறது என்று அளந்து சொல்வார். நான் எழுத வேண்டும். எழுதுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முதல் வரியில் ‘அவர் சொன்னது’, இரண்டாவது வரியில் ‘காயம் சொன்னது’. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பெரும்பாலும் இருக்காது. காட்டுப்பன்றியை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தை மாதம் பொங்கல் முடிந்ததும் சில ஊர்களில் வலையும் ஈட்டியும் நாயுமாகக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் எங்கள் வராந்தாவில் இரண்டு பேர் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருப்பார்கள்.

“என்னாச்சு?”

“பலாமரத்துலருந்து வுழுந்துட்டனுங்க.”

“தை மாசத்துல பலாமரத்துல என்ன பறிக்கப் போன?”

“பிஞ்சு புடிச்சிருக்குதான்னு பாக்கப் போனனுங்க.”

டாக்டரம்மா சிரிக்கவே மாட்டார். ஸ்கேலை வைத்து அளப்பார். காட்டுப்பன்றி தலையைக் கீழே தாழ்த்தி வந்து, கோரைப்பல்லால் கீழிருந்து மேலாகத்தான் கிழிக்கும். வெளியே காயத்தின் வாய் சின்னதாக இருக்கும், உள்ளே விரலை விட்டால் பை போலப் பெரிதாக இருக்கும். மரத்திலிருந்து விழுகிறவனுக்கு மேலிருந்து கீழே சிராய்க்கும். “இந்த மலையில பலாமரத்துக்கெல்லாம் பல் முளைச்சிருக்கு, நர்சம்மா. எழுதிக்குங்க” என்பார். நான் எழுதிக்கொள்வேன். வனத்துறைக்கு அவர் எழுத வேண்டிய கடிதத்தைத் தனியாக எழுதுவார். அவர்கள் வந்து விசாரிப்பார்கள். ஊரே சேர்ந்து ஒரு பலாமரத்தைக் காட்டும்.

அந்தப் புண்ணைக் கழுவுவதுதான் பெரிய வேலை. பன்றியின் பல்லில் மண், எச்சில், அழுகிய கிழங்கு எல்லாம் இருக்கும். சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினாலு நிமிடத்தில் நிறுத்தினால் டாக்டரம்மா, “கடிகாரம் நின்னுபோச்சா?” என்பார். உடனே தைக்கக் கூடாது. துணி திணித்துத் திறந்தே விட்டு, தினமும் பார்த்து, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் தையல். டெட்டனஸ் ஊசி, வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசி, மாத்திரை. ஈட்டியோடு போனவர்கள் ஊசியைப் பார்த்து நடுங்குவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி, மெதுவாப் போடுங்க சாமி” என்று கெஞ்சினார். அவர் வீட்டு வாசலில் மூன்று பன்றித் தாடைகள் தொங்கின.

அந்தத் தாடை விஷயத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இனி சொல்லப்போவது எதுவும் புரியாது. மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை ‘நாடு’ என்பார்கள், அப்படிக் குண்டூர் நாட்டில் ஒரு சின்ன ஊர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் பஸ் ஏறி என் வீட்டுக்கே சண்டைக்கு வருவார்கள். அங்கே வேட்டையில் பன்றி விழுந்தால் கறியைப் பங்கு போடுவார்கள், நாய்க்கும் பங்கு உண்டு. கீழ்த்தாடை மட்டும் பங்கில் சேராது. பன்றியை எதிர்த்து நின்று உடம்பின் முன்பக்கத்தில் காயம் வாங்கியவனுக்கு அது மரியாதை. அவன் குணமாகி நடந்து வந்ததும் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடி, காயத்தைப் பார்த்து, தாடையைக் கொடுப்பார்கள். அவன் அதை வாசற்படிக்கு மேலே கட்டுவான். பின்பக்கம் காயம் வாங்கியவனுக்கு ஒன்றும் கிடையாது. அடுத்த வருடம் அவன் வலையைச் சுமந்து வர வேண்டும், அவ்வளவுதான். வாய்விட்டு யாரும் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் இருமினால்கூட அவனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஆக, எங்களிடம் வருகிறவனுக்கு இரண்டு பொய் தேவைப்பட்டது. அரசாங்கத்துக்குப் பலாமரம், ஊருக்கு முன்பக்கக் காயம். உண்மை எங்கள் மேஜையில் மட்டும் குப்புறப் படுத்திருக்கும். முட்டிக்குப் பின்னால், ஆடுசதையில், தொடையின் பின்புறத்தில். ஓடுகிறவனுக்கு அங்கேதான் குத்து விழும். ஒவ்வொருத்தரும் போகும்போது என் காதருகே வந்து, “நர்சம்மா, ஊர்ல யாருக்கும் சொல்லீறாதீங்க. எங்கூர்ல இப்புடி ஓடுனது நா ஒருத்தன்தானுங்க” என்பார்கள். நான் தலையாட்டுவேன். முந்தின வருடம் இதையே சொன்னவர் அப்போது இவருக்குத் துணையாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அந்த ஊரில் ஓடாமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். அவரை எங்கள் மேஜைக்குக் கொண்டுவரும் தேவை வரவில்லை, வழியிலேயே போய்விட்டார். வயிற்றில் குத்து. அவர் மனைவி பழனியம்மாவின் வீட்டுக்கு அவள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். வாசற்படிக்கு மேல், ஊரார் கொண்டுவந்து கட்டிய அந்தத் தாடை இருந்தது. அந்த ஊரிலேயே பெரியது அதுதான். உள்ளே போகும்போது பழனியம்மா தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள். வாசல் ஒன்றும் அவ்வளவு தாழ்வானதில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் வழியெல்லாம் தனியாகப் பேசிக்கொண்டே நடந்தேன்.

இனி காளியப்பனின் கதை. இது அவர் உண்மையான பெயர் இல்லை. பெயரை மாற்றி எழுதுகிறேன் என்று சொன்னதும் மனிதர் கோபித்துக்கொண்டார். “எம்பேரப் போட்டே எழுதுங்க, எனக்கென்ன வெக்கம்?” என்றார். ஒரு காலத்தில் அதே வெட்கம்தான் அவரைக் கொன்றிருக்கும்.

அது தை மாதத்தில் ஒரு பகல் வேளை. புறநோயாளிகள் கூட்டம் குறைந்து, டாக்டரம்மாவின் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜீப் ஒன்று வந்து நின்றது. மூன்று ஆண்கள் காளியப்பனைத் தூக்கி வந்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கூட அவர் மனைவி வெள்ளையம்மா. வழக்கமான பலாமரத்தைக்கூட அவர்கள் சொல்லவில்லை.

“பன்னி குத்தீருச்சுங்க. முன்னால, தொடையில. நேரா நின்னு வாங்குனாருங்க” என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

லுங்கியை விலக்கினேன். வலது தொடையின் முன்பக்கம் ஒரு கீறல். துண்டு கட்டியிருந்தார்கள். நான் துண்டை அவிழ்த்து, கீறலைக் கழுவ ஆரம்பித்தேன். ‘வலது தொடை, முன்பக்கம், மூன்று சென்டிமீட்டர், ஆழமில்லை’ என்று எழுதியும் விட்டேன். இதில் என் தப்பு பெரியது, மறைக்க மாட்டேன். ஆள் வெளுத்துப்போய் வேர்த்து நனைந்திருந்தார். பயத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருட அனுபவம் இருந்தும், காட்டிய இடத்தைப் பார்த்தேனே தவிரக் காட்டாத இடத்தைப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் அப்படியே போனது.

அப்போதுதான் காப்பி வாசம் வந்தது. நல்ல, புதிதாக அரைத்த காப்பித்தூள் வாசம். எங்கள் நிலையத்தில் யாரும் காப்பி போடுவதில்லை. யாரோ பக்கத்தில் காப்பி கலக்கிறார்கள் என்று ஒரு கணம் நாக்கு ஊறியதும் உண்மை.

டாக்டரம்மா வந்தார். கீறலுக்கு மேல் ஸ்கேலை வைத்தார். தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அதை அவர் சுலபத்தில் செய்ய மாட்டார்.

“இது மேலேருந்து கீழே கிழிஞ்சிருக்கு. பன்னி மரத்து மேல ஏறி நின்னு குத்துச்சா?”

நான் காளியப்பனின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடித்துடிப்பு எகிறியது. ரத்த அழுத்தம் பார்த்தேன், பாதாளத்தில் இருந்தது. இந்தக் கீறலுக்கு இவ்வளவு இறங்க வழியே இல்லை. “டாக்டர், காப்பி வாசம் வருது” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மலையில் வீட்டுக்கு வீடு காப்பிச்செடி உண்டு. காயத்தில் ரத்தம் நிற்கக் காப்பித்தூளை அப்பும் பழக்கமும் உண்டு.

“காளியப்பா, திரும்பிப் படு.”

“அந்தப் பக்கம் ஒண்ணுமில்லீங்க.”

“திரும்பு.”

“ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா!” இரண்டு கையாலும் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். சாகப்போகிற ஆளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. டாக்டரம்மா மூன்று ஆண்களையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். காளியப்பன் காதருகே குனிந்து, “இந்த ரூமுக்குள்ள தெரிஞ்சது இதுவரைக்கும் ஒண்ணாவது உங்க ஊருக்குத் தெரிஞ்சிருக்கா?” என்று கேட்டார்.

அதற்கும் மனிதர் அசையவில்லை. அசைந்தது வெள்ளையம்மா. அதுவரை மூலையில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றவள், வந்து அவர் கையை மேஜையிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

“ஏனுங்க, அந்தத் தாடையெலும்பு நாளைக்கு எனக்குக் கஞ்சி காச்சி ஊத்துமா? பழனியம்மா ஊட்டுல தொங்குதே, அது என்னத்தப் பண்ணுது? திரும்புங்க!”

அவர் திரும்பினார். தொடையின் பின்புறம், லுங்கிக்கு அடியில் வெள்ளையம்மாவின் பழைய சேலையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தால் ஒரு கைப்பிடி காப்பித்தூள், ரத்தத்தில் குழைந்து. அதற்கு அடியில் கீழிருந்து மேலாக ஒரு கிழிசல், உள்ளே ஒரு ரத்தக்குழாய் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் வந்த நேரம் முழுக்க மல்லாக்கப் படுத்து அந்தக் காயத்தின் மேலேயே அழுந்திக் கிடந்திருக்கிறார். அந்த அழுத்தம்தான் அவரை அதுவரை உயிரோடு வைத்திருந்தது. முன்பக்கக் கீறலைப் பற்றி வெள்ளையம்மா அப்போதே சொல்லிவிட்டாள். நாளைக்கு அம்மன் முன்னால் ‘பன்றிப் பல்தான் கிழித்தது’ என்று சத்தியம் செய்ய வேண்டி வருமாம். பொய்ச் சத்தியம் ஆகிவிடக் கூடாதே என்று, செத்த பன்றியின் தலையைத் தூக்கி வந்து அதன் பல்லாலேயே கீறியிருக்கிறார்கள். இப்படி ஒரு பக்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா துணியைத் திணித்து, என் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். “இந்தக் கையை நாமக்கல் ஆஸ்பத்திரியில டாக்டர் எடுக்கச் சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது” என்றார். காளியப்பனின் இரண்டு கையிலும் சலைன் ஏறியது. ஆம்புலன்சில் குப்புறப் படுக்க வைத்தோம். நான் ஒரு பக்கம் மண்டியிட்டு, உடம்பின் மொத்த எடையையும் உள்ளங்கையில் இறக்கி அழுத்திக்கொண்டேன். வெள்ளையம்மா அவர் தலைமாட்டில்.

எழுபது வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு, இறங்கும்போது எழுபதிலிருந்து குறைந்துகொண்டே வரும். ஆள் தூங்கிவிடக் கூடாது. அதனால் வெள்ளையம்மா ஜன்னல் வழியே பார்த்து எண்ணைச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அறுபதுகளில் ஒழுங்காகச் சொன்னார். ஐம்பத்து மூன்றில் குரல் இழுத்தது. நாற்பத்தாறில் பதிலே வரவில்லை. அழுத்திய கையை எடுக்காமல் மற்ற கையால் கன்னத்தைத் தட்டி, “காளியப்பா, பன்னி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?” என்று கத்தினேன்.

அந்தக் கேள்விக்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறந்தார்.

“நேரா வந்துச்சுங்க. வலையக் கிழிச்சுக்கிட்டு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஈட்டியப் போட்டுட்டு ஓடுனனுங்க.” பிறகு அழ ஆரம்பித்தார். “எங்கூர்ல இப்புடி ஓடுனது நா ஒருத்தன்தானுங்க.”

இந்த வசனத்தை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை அழுத்தத்தில், முட்டி வலியில், கண்ணில் தண்ணீரோடு சிரித்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. “ஓடுனீங்க, அதனால வளைவு எண்ணிக்கிட்டு வாரீங்க. நின்னிருந்தா ஜீப்பே தேவப்பட்டிருக்காது” என்று மட்டும் சொன்னேன். வெள்ளையம்மா, “முப்பத்தொம்போது” என்றாள். “முப்பத்தொம்போதுங்க” என்றார் காளியப்பன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அடுத்த வளைவு முப்பத்தெட்டு, முதல் நாள் நான் தோற்றுப்போன இடம், அதை அன்று கையை எடுக்காமல் தாண்டினேன். காரவள்ளி வந்தபோது என் கை மரத்து, அது என் கையா அவர் தொடையா என்று தெரியாமல் போயிருந்தது. நாமக்கல்லில் டாக்டர் “எடுங்கம்மா” என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் எடுத்தேன். குழாயைக் கட்டி, ரத்தம் ஏற்றி, ஆளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

மாசி மாதக் கடைசியில் அந்த ஊரில் எங்களுக்குத் தடுப்பூசி முகாம். நானும் டாக்டரம்மாவும் அம்மன் கோயிலுக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத்தான் தாடை கொடுக்கும் நாள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. வனத்துறை வந்து விசாரித்து, கேசெல்லாம் ஆகி முடிந்திருந்தது. ஆனாலும் தாடையை எங்கேயோ ஒளித்து வைத்திருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் கையில் அது இருந்தது. எழுபது வயதுக்காரர், வாசலில் மூன்று தாடை உள்ளவர். ஆமாம், ஊசிக்கு என்னைச் ‘சாமி’ என்று கெஞ்சியவர்தான்.

காளியப்பன் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். ஊரே நின்றது. “காயத்தக் காட்டப்பா” என்றார் ஊர்க்கவுண்டர்.

காளியப்பன் லுங்கியைத் தூக்கி முன்பக்கக் கீறலைக் காட்டினார். ஊர்க்கவுண்டர் தாடையை நீட்டினார். காளியப்பன் கை நீட்டவில்லை. எங்கள் மேஜையை ஒரு தடவை பார்த்தார், வெள்ளையம்மாவைப் பார்த்தார்.

“இது பன்னி குத்துனது இல்லீங்க. செத்த பன்னியோட பல்லெடுத்து நாங்களே கீறுனது.” பிறகு மெதுவாக, வலியோடு, எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினார். “குத்துனது இதுங்க. நா ஓடுனனுங்க. ஓடுனதாலதான் உங்க முன்னால நிக்கறேன். தாடை எனக்கு வேண்டாம்.”

ஊசி போட்ட குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டன. எனக்குப் பயமாக இருந்தது. யாராவது ஒருத்தர் இருமிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து பழனியம்மா சொன்னாள், சத்தமாகக்கூட இல்லை. “எங்கூட்டுக்காரரும் ஓடியிருந்தா நல்லாருந்திருக்குமுங்க.”

ஊர்க்கவுண்டர் கையிலிருந்த தாடையைப் பார்த்தார். அதைக் குனிந்து தரையில் வைத்தார். நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் திரும்பி நின்று, வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கினார். ஆடுசதையில் கோணல் மாணலாக ஒரு தழும்பு.

“எனக்கு இது. வாசல்ல தொங்கற மூணுல ரெண்டு எங்கப்பன் வாங்குனது. மூணாவது, கத்தியில நானே கீறிக்கிட்டது.”

யாரோ, “எனக்குந்தானுங்க” என்றார். இன்னொருவர் திரும்பினார். பிறகு இன்னொருவர். அம்மன் கோயில் முன்னால் ஒவ்வொருவராக ஊர் ஆண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு தழும்பையும் எனக்குத் தெரியும். அந்த முட்டிக்குப் பின்னால் இருப்பது என் ஆறு தையல். அந்தத் தொடையில் இருப்பது நாலு நாள் திறந்து வைத்துத் தைத்தது. அதற்குப் பக்கத்தில் இருப்பவர் பதினாலாவது நிமிடத்தில் தண்ணீர் போதும் என்று அழுதவர். இத்தனை வருடமும் ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தன்தான் ஓடியவன் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரன் வாசலைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்கள்.

முதலில் சிரித்தது வெள்ளையம்மா. அப்புறம் பெண்கள் எல்லோரும். பழனியம்மாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். திரும்பி நின்ற ஆண்களின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. எனக்கு அதுபோல ஒரு சந்தோஷம் என் வேலைக்காலத்தில் வேறு எந்த நாளும் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சம்பளம் வாங்கிய முதல் நாள்கூட இல்லை.

டாக்டரம்மா ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தார். வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார்.

“நர்சம்மா, நம்ம ரிஜிஸ்டர்ப்படி இது மொத்தமும் பலாத்தோப்பு” என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சிரித்து முடித்ததும் அவர் பழைய மரகதம் ஆகிவிட்டார். எழுந்து, அந்த எலும்பை வைத்திருப்பதே குற்றம், வேட்டைக்குப் போவது குற்றம், அடுத்த தையில் எந்தப் பக்கம் காயத்தோடு வந்தாலும் வனத்துறைக்குக் கடிதம் போகும் என்று நிதானமாகச் சொன்னார். ஊர்க்கவுண்டர் தலையாட்டினார். வீட்டு வாசல்களில் இருந்த தாடைகள் ஒவ்வொன்றாக இறங்கி, மறுவாரம் ஒரு சாக்கு நிறைய வனத்துறை ஆபீஸுக்குப் போயின என்று கேள்விப்பட்டேன். பழனியம்மா வீட்டுத் தாடை மட்டும் அந்தச் சாக்கில் இல்லை. அதை அவளும் வெள்ளையம்மாவும் அன்றைக்கே கழற்றி, மிளகுக்கொடிக்கு அடியில் குழி தோண்டிப் போட்டுவிட்டார்கள். முகாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது வெள்ளையம்மா எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். “இனிமே காப்பித்தூளு சட்டிக்கு மட்டுந்தானுங்க” என்றாள்.

அன்றோடு அந்த ஊரில் வேட்டை நின்றுவிட்டது என்று அளக்க மாட்டேன். குறைந்தது. நின்றது பொய்தான். அதற்குப் பிறகு பன்றி குத்தி வந்த சிலரும் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே, “பின்னாலதானுங்க” என்று தாங்களாகவே குப்புறப் படுத்தார்கள். அந்தப் பத்து நிமிடம் எனக்கு மிச்சமானது. அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து வந்த ஒருவரையும் நாங்கள் இழக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று காளியப்பன் பலாப்பழம் ஒன்றைச் சுமந்து வந்து மேடையிலேயே வைத்தார். “மரத்துலருந்து வுழுவாமப் பறிச்சதுங்க” என்றார்.

இதையெல்லாம் போனில் திவ்யாவுக்குச் சொல்லி முடித்தேன். அவள் சிரித்து அடங்கி, “அப்ப அந்த ரீலுக்குக் கீழ நான் என்னக்கா எழுதட்டும்? சிங்கம்னா, பாவின்னா?” என்று கேட்டாள்.

“ரெண்டும் வேண்டாம் கண்ணு. அந்தத் தம்பியக் கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லு.”